பிட்ஸ் வரவில்லை, சரி. மாத்திரை உடம்பை என்ன செய்கிறது?

நரம்பு டாக்டர் கேட்கும் முதல் கேள்வி "பிட்ஸ் வந்துச்சா?" என்பதுதான். "இல்ல சார்" என்றதும் பழைய சீட்டில் இருக்கிறதையே அடுத்த மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். வெளியே அவ்வளவு பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஈறு தடித்துப் பல்லை மூடிக்கொண்டு வருவதும், கையெழுத்து கோணிப் போவதும், தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாததும் அந்தக் கேள்விக்குள் வராது. சிலர் "மாத்திரைன்னா அப்படித்தான்" என்று வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டே இருக்கிறார்கள். சிலர் ஒரு நாள் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. என் தம்பிக்குப் பள்ளிக்கூட வயதில் ஆரம்பித்த வலிப்பு (பிட்ஸ்) மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது; கூடவே போய், கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். பெரும்பாலான பக்க விளைவுக்கு ஏதாவது ஒரு வழி இருக்கிறது. அளவைக் குறைக்கலாம், சாப்பிடும் நேரத்தை மாற்றலாம், மெதுவாகக் கரையும் மாத்திரைக்குப் போகலாம், வேறு மருந்துக்கே மாறலாம். இதில் எதைச் செய்யவும் டாக்டருக்கு நாம் விவரம் கொடுக்க வேண்டும், "ஒரு மாதிரியா இருக்கு சார்" என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் ஒன்று. என்ன தொந்தரவு வந்தாலும் மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். பல வருஷம் மருந்துக்குப் பழகிய மூளையிலிருந்து அதை ஒரே நாளில் பிடுங்கினால், நிற்காமல் அடுத்தடுத்து பிட்ஸ் வரும் நிலைக்குப் போகலாம், அதில் உயிரே போகும். கார்டினால், ஃபிரிசியம் மாதிரி மாத்திரைகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு, புது மாத்திரை ஆரம்பித்த பின் வரும் தடிப்பு. அதைப் பின்னால் சொல்கிறேன், அப்போதும் வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்காமல் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

"வெள்ளை மாத்திரை ஒண்ணு, ரோஸ் மாத்திரை ரெண்டு" என்று சொல்கிற பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. எப்டாயின் என்றால் உள்ளே ஃபெனிடாயின். டெக்ரிடால், மாசிடால் என்றால் கார்பமசெபின். வால்பாரின், என்கோரேட் இரண்டும் வால்ப்ரோயேட். லெவிபில், லெவெரா என்றால் லெவெடிராசெட்டம். கார்டினால் என்பது ஃபீனோபார்பிட்டோன், 1912-லிருந்து வலிப்புக்குக் கொடுத்து வருகிறார்கள், விலை மிகக் குறைவு என்பதால் இன்றும் ஓடுகிறது. எந்த மருந்து என்று தெரிந்தால்தான் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும், எல்லா மருந்தும் எல்லாத் தொல்லையும் கொடுப்பதில்லை.

அட்டையை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெடிக்கலில் "அதே மருந்துதான், வேற கம்பெனி" என்று மாற்றிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேறு கம்பெனி மாத்திரை மட்டம் என்று அர்த்தம் இல்லை, மக்கள் மருந்தகத்தில் வாங்குவதும் நல்லதுதான். மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று மாறிக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்கும், ஃபெனிடாயினில் அந்தச் சின்ன வித்தியாசமே தலைசுற்றலாகவோ பிட்ஸாகவோ வெளியே தெரியும். ஒன்றைப் பிடித்தால் அதையே பிடியுங்கள்.

எப்டாயின் சாப்பிடுகிறவர்கள்

இது 1938-லிருந்து புழக்கத்தில் இருக்கிற பழைய மருந்து. பிட்ஸை நன்றாகவே கட்டுப்படுத்தும், நீண்ட நாளில் விட்டுச்செல்லும் தடயமும் அதிகம்.

ஈறில்தான் முதலில் தெரியும். முன்பற்களுக்கு நடுவே இருக்கிற சின்ன முக்கோணச் சதை புடைக்க ஆரம்பித்து, பிறகு பல் மேலேயே ஏறும். என் தம்பிக்கு மேல்வரிசையில் பாதிப் பல் மறைந்திருந்தது. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வான், வீட்டில் அவன் கூச்ச சுபாவம் என்றே நினைத்திருந்தார்கள். பல் டாக்டர் வாயைத் திறந்து பார்த்த நிமிஷமே "எப்டாயின் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். ஊத்தை சேர்ந்த இடத்தில் ஈறு இன்னும் வேகமாக வளரும், அதனால் இரண்டு வேளை பல் துலக்குவது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல் டாக்டரிடம் சுத்தம் செய்வது இதெல்லாம் அழகுக்கான செலவு இல்லை. தடித்த சதையை வெட்டி எடுக்கலாம், ஆனால் அதே மருந்து தொடர்ந்தால் திரும்பவும் வளரும். மருந்தை மாற்றினால் மாதக்கணக்கில் மெல்ல வற்றும். பல் டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கி நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள், அந்தச் சீட்டுக்கு மதிப்பு உண்டு.

முகத்திலும் கையிலும் முடி வளர்வது, முகம் முரடாக மாறுவது இதன் இன்னொரு வேலை. வயசுப் பெண்களுக்கு இதைத் தொடர்ந்து கொடுக்கத் தயங்குவதற்கு இது ஒரு காரணம். "மூஞ்சி மாறுது டாக்டர்" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம், அது மருத்துவக் காரணம்தான்.

அப்புறம் நடை. இந்த மருந்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு: ஓரளவுக்கு மேல் போனால் கல்லீரலால் அதை வேகமாக வெளியேற்ற முடியாது, அதனால் அளவைக் கொஞ்சம் கூட்டினாலும் இரத்தத்தில் தாறுமாறாக ஏறிவிடும். 300 மி.கி.யில் நன்றாக இருந்த ஆள் 400-க்குப் போனதும் குடித்தவர் மாதிரி தள்ளாடுவதும், நாக்கு குழறுவதும், கண்கள் பக்கவாட்டில் துள்ளுவதும் இதனால்தான். குடித்திருக்கிறான் என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட கதையெல்லாம் கேட்டிருக்கிறேன். அப்படி ஆனால் இரத்தத்தில் மருந்தளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 10-லிருந்து 20 மைக்ரோகிராம் வரை வழக்கமான எல்லை. வருஷக்கணக்கில் எல்லைக்கு மேலேயே விட்டால் சிறுமூளை சுருங்கி, மருந்தை நிறுத்தினாலும் நடை முழுசாகத் திரும்பாமல் போகலாம்.

எலும்பு: யாரும் கேட்காத விஷயம்

ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டோன் மூன்றும் கல்லீரலில் இருக்கிற நொதிகளை முடுக்கிவிடுகின்றன. அந்த நொதிகள் உடம்பிலுள்ள வைட்டமின் டி-யையும் சேர்த்து வேகமாக உடைத்துவிடும். டி குறைந்தால் குடல் கால்சியத்தை இழுக்காது, உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க ஆரம்பிக்கும். வால்ப்ரோயேட் வேறு வழியில் போய் எலும்பை பாதிக்கிறது. நம் ஊரில் இவ்வளவு வெயில் இருந்தும் பலருக்கு டி குறைவாகத்தான் இருக்கிறது. வெயில் பட்டால் பிட்ஸ் வரும் என்று சொல்லி வலிப்பு இருக்கிற பிள்ளையை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்கிற குடும்பங்களில் கேட்கவே வேண்டாம்.

இது எப்படித் தெரியும்? இடுப்பிலும் தொடையிலும் மந்தமான வலி. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுவது. பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் எழும்போது பக்கத்து ஆளின் தோளைப் பிடிப்பது. இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியாமல் போவது. நாற்பது வயதில் இதெல்லாம் வந்தால் "வயசாகுது" என்று மூட்டு வலித் தைலம் தேய்க்கிறார்கள். விழுந்து எலும்பு முறிந்த பிறகு தெரிவதைவிட முன்னாலேயே பார்த்துக்கொள்வது மேல், ஏனென்றால் பிட்ஸ் வந்து விழுகிற உடம்புக்கு எலும்பு முறிய மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம்.

ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவை வைட்டமின் டி, கால்சியம், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் பார்க்கலாமா என்று கேளுங்கள். பல வருஷமாக இந்த மருந்துகளில் இருப்பவர், மாதவிலக்கு நின்றவர், ஏற்கெனவே ஒரு முறிவு ஏற்பட்டவர் என்றால் எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்சா ஸ்கேன் எடுக்கலாமா என்றும் கேளுங்கள். 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை மெடிக்கலில் நீங்களாக வாங்கி வாராவாரம் சாப்பிட்டுக்கொண்டே போகாதீர்கள், டி அதிகமானால் இரத்தத்தில் கால்சியம் ஏறி அது தனித் தொல்லை. கேழ்வரகு, மோர், கருவாடு, நடை இதெல்லாம் எப்போதும் நல்லது, ஆனால் குறைந்துபோன டி-யை அதை மட்டும் வைத்து ஏற்றிவிட முடியாது.

டெக்ரிடாலும் உப்பும்

கார்பமசெபின் சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் இரண்டாகத் தெரிந்து, தலை சுற்றி, பிறகு தானாகச் சரியாகிவிடும். இது ஒரே நேரத்தில் மருந்து இரத்தத்தில் உச்சத்துக்குப் போவதால் வருவது. சரியாக எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு இரண்டாகத் தெரிந்தது என்று எழுதிக் காட்டினால் டாக்டருக்கு உடனே புரிந்துவிடும். மெதுவாகக் கரையும் சி.ஆர். மாத்திரைக்கு மாற்றுவார், அல்லது இரண்டு வேளையை மூன்றாகப் பிரிப்பார். சி.ஆர். மாத்திரையைப் பொடி செய்தோ மென்றோ சாப்பிடக் கூடாது, அப்படிச் செய்தால் மெதுவாகக் கரைவதற்காக அதில் செய்திருக்கிற ஏற்பாடே கெட்டுவிடும்.

பெரியவர்களுக்கு வேறு ஒரு விஷயம் முக்கியம். கார்பமசெபின், அதைவிட அதிகமாக ஆக்ஸ்கார்பசெபின், இரத்தத்தில் சோடியத்தை, அதாவது உப்பை, இறக்கும். சாதாரண அளவு 135-லிருந்து 145. கூடவே தண்ணீர் பிரிக்கிற வகை பி.பி. மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் சுலபமாக இறங்கும். தாத்தா இரண்டு நாளாகக் குழப்பமாகப் பேசுகிறார், வாந்தி, தலைவலி, நிற்கத் தடுமாறுகிறார் என்றால் வயசுக் கோளாறு என்று விடாமல் அன்றைக்கே சோடியம் பாருங்கள். ரொம்ப இறங்கினால் அதனாலேயே பிட்ஸ் வரும், உடனே "மாத்திரை பத்தல" என்று அதே மாத்திரையைக் கூட்டினால் கதை என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். உப்பு குறைந்தது என்று கேட்டவுடன் வீட்டில் ஊறுகாயையும் உப்புத் தண்ணீரையும் கொடுக்க ஆரம்பிப்பார்கள். இங்கே பிரச்சினை உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான், அதனால் என்ன செய்ய வேண்டும் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

வால்ப்ரோயேட்: எடை, முடி, நடுக்கம், அப்புறம் பெண் பிள்ளைகள்

பசி எடுத்துக்கொண்டே இருக்கும், எடை ஏறும். ஆரம்பித்த நாளில் எடையைப் பார்த்து எழுதி வைத்துவிடுங்கள், மாதம் ஒரு தடவை அதே தராசில் பாருங்கள். முதல் சில மாதத்தில் கட்டுப்படுத்துவது சுலபம், பதினைந்து கிலோ ஏறிய பிறகு இறக்குவது பெரும்பாடு. முடி கொட்டும், அளவைக் குறைத்தால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும், சிலருக்குச் சுருட்டையாக முளைக்கும்.

கை நடுக்கத்துக்கு ஒரு எளிய வழி: வெள்ளைத் தாளில் கொசுவர்த்திச் சுருள் ஒன்றை வரையச் சொல்லுங்கள், கீழே தேதி போடுங்கள், மாத்திரையின் அளவையும் எழுதுங்கள். மாதம் ஒன்று. கோடு எந்த மாதத்திலிருந்து பல்லுப் பல்லாகப் போகிறது என்று கண்ணாலேயே தெரியும். நரம்பு டாக்டர்களே தங்கள் அறையில் இப்படி வரைய வைத்துத்தான் பார்க்கிறார்கள். காபி தம்ளர் தளும்புவதும் பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகாமல் திருப்பி அனுப்புவதும் இதே கணக்கில்தான் சேரும்.

காரணமில்லாமல் தூங்கி வழிவது, குழப்பம், திரும்பத் திரும்ப வாந்தி, மேல்வயிற்றில் கடுமையான வலி, உடம்பில் அடிபடாமலே நீலத் திட்டு, ஈறில் இரத்தம்: இதில் எது வந்தாலும் அடுத்த ஓ.பி. தேதிவரை காத்திருக்க வேண்டாம். கல்லீரல், கணையம், இரத்தத் தட்டணுக்கள், இரத்தத்தில் அம்மோனியா அளவு என்று நான்கையும் டாக்டர் பார்ப்பார். பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ போனால் இந்த மாத்திரை சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள், தட்டணுக்கள் குறைந்திருந்தால் இரத்தம் நிற்காது.

இப்போது பெண் பிள்ளைகள். வால்ப்ரோயேட் மாதவிலக்கைக் குழப்பும், சினைப்பை நீர்க்கட்டித் தொல்லையோடு இதற்குத் தொடர்பு உண்டு. அதைவிடப் பெரியது கர்ப்பம். இந்த மருந்தைச் சாப்பிட்டபடி கருத்தரித்தால் பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய பத்துக்கு முதுகுத்தண்டு, இதயம், உதடு மாதிரி இடங்களில் பெரிய குறைபாடு இருக்கும்; பொதுவாக எல்லாக் கர்ப்பத்திலும் அது இரண்டு மூன்றுதான். நூற்றுக்கு முப்பது நாற்பது குழந்தைகளுக்குப் பேச்சு, படிப்பு, நடத்தையில் பின்தங்கல் வரலாம். அதனால்தான் பிரிட்டனில் 2018-லிருந்து, கருத்தரிக்கக்கூடிய பெண்ணுக்கு முறையான கர்ப்பத் தடுப்புத் திட்டம் இல்லாமல் இதைக் கொடுக்கக் கூடாது என்று விதியே போட்டார்கள்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? கல்யாணம் நிச்சயமாகும்வரை மாத்திரை பற்றி வாயே திறப்பதில்லை, நிச்சயமானதும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று ஒளித்துச் சாப்பிடச் சொல்கிறார்கள், புகுந்த வீட்டில் ஒளிக்க இடமில்லாமல் பெண் மாத்திரையை விட்டுவிடுகிறாள், தூக்கமும் கெட்டு, பிட்ஸ் வந்து நிற்கிறது. வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாது என்று ஆக்க முடியாதபடி இந்துத் திருமணச் சட்டத்தில் 1999-லேயே திருத்தம் வந்துவிட்டது, சொல்லிக் கட்டிக்கொடுங்கள். வரன் பார்க்கத் தொடங்கும் முன்பே, "டாக்டர், இவளுக்குக் கல்யாணம் பேசப் போறோம், வால்ப்ரோயேட்டை மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் இரண்டும் கர்ப்பத்தில் இதைவிட எவ்வளவோ பாதுகாப்பு. ஆனால் மாற்றி, புது மருந்தில் பிட்ஸ் அடங்குகிறதா என்று பார்க்க மாதங்கள் பிடிக்கும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு என்று டாக்டர் எழுதுவார்.

திட்டமிடாமல் நாள் தள்ளிப்போய்விட்டதா? அப்போதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பெரிய பிட்ஸ் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1998-லிருந்து வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்றே பதிவேடு வைத்துத் தொடர்ந்து கவனித்து வருகிறது; வலிப்புள்ள பெண்களில் பெரும்பாலோர் நல்ல குழந்தைகளைத்தான் பெற்றெடுக்கிறார்கள்.

கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு: ஃபெனிடாயின், கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், ஃபீனோபார்பிட்டோன், அளவு கூடினால் டோபிராமேட், இவை கர்ப்பத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். லாமோட்ரிஜினில் தலைகீழ், ஈஸ்ட்ரோஜன் உள்ள கர்ப்பத்தடை மாத்திரை லாமோட்ரிஜினின் அளவைக் குறைத்து பிட்ஸை வரவழைக்கும். காப்பர்-டி-க்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

கோபம் மாத்திரையிலிருந்து வரலாம்

லெவிபில் இரத்தத்தையோ கல்லீரலையோ பெரிதாகத் தொடாது, மற்ற மருந்துகளோடு மோதாது, அதனால் டாக்டர்களுக்குப் பிடித்த மாத்திரை. ஆனால் சிலருக்கு குணத்தையே மாற்றிவிடும். சாதுவாக இருந்த பையன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவான், சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவான், இல்லையென்றால் மூலையில் உட்கார்ந்து அழுவான். சாப்பிடுகிறவருக்கு இது தெரியாது, தனக்குக் கோபப்பட நியாயமான காரணம் இருப்பதாகத்தான் தோன்றும். கூட இருக்கிறவர்தான் கவனிக்க வேண்டும், டாக்டரிடமும் அவர்தான் சொல்ல வேண்டும். "மாத்திரை ஆரம்பிச்சு ஒரு மாசத்துல இருந்து இப்படி" என்று தேதியோடு சொன்னால் போதும், அளவைக் குறைப்பார் அல்லது மாற்றுவார். கிளோபசாம் (ஃபிரிசியத்தில் உள்ள மருந்து), ஃபீனோபார்பிட்டோன் சாப்பிடும் குழந்தைகளிலும் தூங்கி வழிவதற்குப் பதிலாகத் துறுதுறுப்பும் முரட்டுத்தனமும் வரலாம், பள்ளியில் சேட்டைக்காரப் பட்டம் கிடைத்துவிடும்.

வலிப்பு மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே, தற்கொலை எண்ணம் வரலாம் கவனியுங்கள் என்று அமெரிக்க மருந்துத் துறை 2008-ல் எச்சரித்திருக்கிறது. அரிதுதான். ஆனாலும் அப்படி ஒரு வார்த்தை வாயில் வந்தால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நடுராத்திரி என்றால் மனநல உதவி எண் 14416 அல்லது தமிழ்நாட்டில் 104-க்குப் போன் செய்யலாம்.

மற்றவை, சுருக்கமாக

டோபிராமேட்: பேசும்போது வார்த்தை கிடைக்காமல் தவிப்பது, விரல் நுனியில் மதமதப்பு, எடை குறைவது, சிறுநீரகக் கல். தண்ணீர் நிறையக் குடியுங்கள். குழந்தைகளுக்கு வியர்க்காமல் போய் உடம்பு கொதிக்கும், அக்னி நட்சத்திர நாட்களில் வெயிலில் விளையாட விடாதீர்கள். திடீரென்று கண் வலித்துப் பார்வை மங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

ஃபீனோபார்பிட்டோன்: தூக்கம், மந்தம், படிப்பில் பின்தங்கல். நீண்ட நாளில் தோள்பட்டை இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாமல் ஆவதும் இதனால் வரலாம், அது பலருக்குத் தெரியாது.

விகாபாட்ரின்: கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்புக்குத் தருவது. பக்கவாட்டுப் பார்வையைக் குறைக்கும், குறைந்தது திரும்பாது. கண் பரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

புது மாத்திரை ஆரம்பித்த முதல் இரண்டு மாதம் தோலைப் பாருங்கள். கார்பமசெபின், ஃபெனிடாயின், லாமோட்ரிஜின் இவற்றில் குறிப்பாக. காய்ச்சலோடு தடிப்பு, வாயில் புண், கண் சிவப்பு, முகம் வீங்குவது, தோல் கொப்பளிப்பது: அடுத்த வேளை மாத்திரைக்கு முன் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், ராத்திரியானாலும் சரி. இருபது வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவர் என்றாலும் மருந்து மாறும்போது இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.

இன்னொரு மருந்து உள்ளே வரும்போது

காய்ச்சல், சளி, டி.பி. எதற்குப் போனாலும் முதல் வாக்கியமாக "நான் பிட்ஸ் மாத்திரை சாப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு போனில் இருக்கிற போட்டோவைக் காட்டுங்கள். டி.பி. மருந்தில் உள்ள ஐசோநயாசிட் ஃபெனிடாயினையும் கார்பமசெபினையும் இரத்தத்தில் ஏற்றும், அதோடு சேர்த்துக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் பல மாத்திரைகளை இறக்கும், ஆகவே அந்த ஆறு மாதமும் நரம்பு டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் கார்பமசெபினை ஏற்றும். அசிடிட்டிக்குக் குடிக்கிற ஜெல் ஃபெனிடாயினை உறிஞ்ச விடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். டிரமடால் என்ற வலி மருந்து பிட்ஸையே தூண்டும்.

வலிப்பை வேரோடு எடுக்கிறோம் என்று பெயர் போடாமல் விற்கிற பொடிகளை வாங்காதீர்கள். அதற்குள் ஃபீனோபார்பிட்டோன் மாதிரி ஆங்கில மருந்தையே அரைத்துப் போட்டு விற்றுப் பிடிபட்டது உண்டு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது இரட்டை அளவு.

மூன்று நிமிஷத்தில் சொல்வது எப்படி

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, மாத்திரை சாப்பிட்ட நேரம், என்ன ஆனது, எவ்வளவு நேரம் இருந்தது. தினமும் எழுத வேண்டாம், ஏதாவது வித்தியாசமாக இருந்த நாளில் மட்டும் எழுதுங்கள். அளவு மாறிய தேதியைக் கட்டம் போட்டுக் குறியுங்கள், பாதி விஷயம் அதிலேயே வெளிப்பட்டுவிடும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அதிலிருந்து இரண்டே இரண்டு தொந்தரவை மட்டும் தேர்ந்தெடுங்கள், பத்தைச் சொன்னால் ஒன்றும் நிற்காது. "எவ்வளவு நாளாக, மாத்திரை சாப்பிட்ட எத்தனை மணி நேரத்தில், அதனால் எந்த வேலை கெடுகிறது" என்று சொல்லுங்கள். "தலை சுத்துது" என்பதைவிட "காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துல தலை சுத்தி, பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்துட்டுதான் வேலைக்குப் போறேன், மூணு வாரமா" என்பது டாக்டரின் பேனாவை நிறுத்தும். மூன்று நான்கு வகை மாத்திரை ஓடினால் "இதில் எதையாவது எடுக்க முடியுமா சார்?" என்று கேட்டே ஆக வேண்டும். மருந்து சேரச் சேர மந்தமும் மறதியும் கூடும், சில நேரம் எப்போதோ அவசரத்துக்குச் சேர்த்த மாத்திரை யாரும் எடுக்காததால் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மறதியை முழுக்க மாத்திரை மேலும் போட முடியாது, வலிப்பே அதைச் செய்யும், தூக்கமில்லாததும் மனச்சோர்வும் செய்யும். பிரித்துப் பார்ப்பது டாக்டர் வேலை.

மருந்தளவு பார்க்க இரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைச் சாப்பிடாமல் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், இரத்தம் எடுத்ததும் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும். கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று லேப் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

"எப்போ நிறுத்தலாம்?"

கேட்கலாம், கேட்க வேண்டும். பொதுவாக இரண்டு வருஷமாவது பிட்ஸே இல்லாமல் இருந்தால் டாக்டர் அதைப் பற்றி யோசிப்பார்; என்ன வகை வலிப்பு, ஸ்கேனில் தழும்பு இருக்கிறதா, மூளையின் மின் அலையைப் பதிவு செய்கிற ஈ.இ.ஜி. எப்படி, செய்கிற வேலை என்ன என்பதெல்லாம் சேரும். காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுத்து தம்ளர் கீழே விழுகிற வகை இளவயது வலிப்பில் மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும், அவர்களுக்கு நிறுத்துவதைவிடக் குறைந்த அளவிலேயே ஓட்டுவது பொருந்தும்.

குறைப்பது என்று முடிவானால் ஒரு நேரத்தில் ஒரு மாத்திரை, அதுவும் மாதக்கணக்கில், படிப்படியாக. எந்தத் தேதியில் எவ்வளவு என்று தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு வந்தால் வீட்டில் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். அந்த மாதங்களில் ராத்திரி கண்விழிப்பு, கிணற்றுக் குளியல், அடுப்படியில் தனியாக நிற்பது, உயரத்தில் ஏறும் வேலை எதுவும் வேண்டாம், பைக்கைத் தொடவே வேண்டாம். பிட்ஸ் வந்து ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காவிட்டாலோ, நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ 108.